அறுபத்து மூன்றாம் டோக்கனுக்கு வராத குரல்

இதில் பாதியை நான் கண்ணால் பார்க்கவில்லை, அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரி ஹாலில் நடந்ததெல்லாம் சிந்தாமணி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அங்கே பதிவுக் கவுன்ட்டரில் இருப்பவர். இட்டுக்கட்டிச் சொல்கிற ஆள் இல்லை. ஆனாலும் ஒருவர் சொல்லிக் கேட்டது வேறு, நாமே பார்த்தது வேறு. எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

கண்டக்டரிடம் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, பக்கத்து சீட்டில் இருந்து நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் அந்தப் பெரியவர் ஏறும்போதே சொன்னாரில்லையா, "எனக்கு எடம் தெரியாதுய்யா, பாத்து எறக்கி விடு" என்று. இவரும் தலையை ஆட்டினார். ஸ்டாப் வந்தது, பஸ் நின்றது, கிளம்பியது. ஒரு சத்தம் கொடுக்கவில்லை. கேட்டால், "வண்டி நின்னுச்சுல்ல, எறங்க வேண்டியதுதான" என்கிறார். நின்றது சரி. நின்ற இடம் எந்த ஊர் என்று அந்த மனுஷனுக்கு யார் சொல்வது?

இதே பேச்சை இந்த மாதம் இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன். "போர்டுல நம்பர் வந்துச்சுல்ல, பாத்திருக்க வேண்டியதுதானே." அதைச் சொன்னவர் எங்கள் ஆபீஸில் இருந்த ஜவகர் சார். எங்கே இருந்த போர்டு தெரியுமா? கண் ஆஸ்பத்திரியில்.

என் பெயர் தங்கமாரி. கோவில்பட்டிதான். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்து முடித்ததும் மதுரையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளியையும் சேர்த்து ஆறு பேர். ஆறு மாதம் வேலையைப் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் போய் வா. அம்மாவிடம் இந்த ஆறு மாதக் கணக்கை நான் சொல்லவே இல்லை. அவர் தெரு முழுக்க, ஆபீஸ் முழுக்க, மகளுக்கு மதுரையில் வேலை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

ஜவகர் சார் எனக்கு மேலே இருந்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏம்மா கோவில்பட்டி, இங்க வா." "கோவில்பட்டி, முடிஞ்சுதா?" நான் பேசுவதைத் திரும்பப் பேசிக் காட்டுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அந்தக் கண் ஆஸ்பத்திரி வேலை எங்களுக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம்தான். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம் அக்கா, நல்ல மனிதர்கள். வேலை என்னவென்றால், நோயாளிக்கு டோக்கன் கொடுக்க வேண்டும். அவருடைய முறை வந்ததும் ஹாலில் உள்ள போர்டில் நம்பர் வர வேண்டும், ஸ்பீக்கரில் குரல் கூப்பிட வேண்டும். போர்டும் டோக்கனும் ஜவகர் சார். குரல் நான்.

குரல் என்றால் நிஜமாகவே என் குரல். ஆள் வைத்துப் பதிவு செய்யவில்லை. ஆபீஸில் பழைய நாற்காலி போட்டு வைத்திருக்கும் ரூமில், ஃபேனை நிறுத்திவிட்டு, நானே உட்கார்ந்து பேசினேன். ஒன்றிலிருந்து இருநூறு வரை. "டோக்கன் எண்", "அறை எண்", "வரவும்". ஒவ்வொன்றையும் மூன்று தடவை. ஜவகர் சார் கேட்டுவிட்டு, "தூத்துக்குடி பஸ் ஏறச் சொல்ற மாதிரி இருக்கு" என்றார். இருந்தாலும் அதைத்தான் வைத்தார்கள்.

அதை வாசிக்க வைக்கும் ப்ரோகிராமைப் பைத்தானில் எழுதினேன். பாம்பு இல்லை அக்கா, அது கம்ப்யூட்டரிடம் பேசுகிற ஒரு பாஷை. அதில் ஒரு வசதி உண்டு. ஒருவர் எழுதி வைத்த ப்ரோகிராமை இன்னொருவர் தன் ப்ரோகிராமுக்குள் கூப்பிட்டு வேலை வாங்கலாம். அப்படிக் கூப்பிடப்படுவதற்கு மாட்யூல் என்று பெயர். ஒலியை வாசிக்க யாரோ எப்போதோ எழுதி வைத்த மாட்யூலை நான் கூப்பிட்டேன். என் ப்ரோகிராமை ஜவகர் சார் தன் ப்ரோகிராமுக்குள் கூப்பிட்டார். இவ்வளவு புரிந்தால் போதும்.

இதில் முதலில் நான் ஒரு தப்புச் செய்தேன். மறைக்கவில்லை. நான் கூப்பிட்ட மாட்யூலுக்கு என்ன பெயரோ, அதே பெயரை என் ஃபைலுக்கும் வைத்துவிட்டேன். பைத்தான் முதலில் பக்கத்தில்தான் தேடும். அந்தப் பெயரில் என் ஃபைலே பக்கத்தில் இருக்கிறதே, போதும் என்று அதையே எடுத்துக்கொண்டது. என் ப்ரோகிராம் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு நின்றது. அது தெரிந்தது ஆஸ்பத்திரி ஆட்கள் முன்னால், டெமோ காட்டும்போது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஜவகர் சார் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "புதுப் புள்ள சார். பேரு வைக்கத் தெரியல" என்றார். அவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. முதலாளி சிரிக்கவில்லை. "கஸ்டமர் முன்னாடி இன்னொரு தடவை சிவப்பு எழுத்து வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்காதீர்கள்.

அந்தக் கதையை ஜவகர் சார் டீக்கடை வரைக்கும் கொண்டுபோனார். எட்டு நாள் கழித்து இரண்டாவது டெமோ. ஒரு குறை இல்லை. அன்றிலிருந்து இன்றுவரை என் ப்ரோகிராமில் சிவப்பு எழுத்து வந்ததே கிடையாது. நான் அப்படி வேலை பார்ப்பவள். ஒரு வரி மாற்றினாலும் நோட்டில் எழுதி வைப்பேன். தேதி, நேரம், என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன். இதோ இந்த நீல நோட்டுதான். ஜவகர் சாரிடம் இப்படி ஒரு நோட்டு உண்டா? அவர் பாட்டுக்கு மாற்றுவார். என் ஃபைலைத் திறந்து உள்ளே இருப்பதை மேலும் கீழுமாகப் போட்டு, நான் வைத்த பெயர்களையெல்லாம் மாற்றி, உச்சியில் எழுதியவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார். என் குரல், என் வேலை, பெயர் அவருடையது. அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாதம் முடியட்டும் என்று இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் வைத்தோம். மூன்று வாரம் ஒரு தொந்தரவு இல்லை. அதற்கு முன்னால் அங்கே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் சிந்தாமணி அக்காதான். கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்து, ஆளை ஊரோடு சேர்த்துக் கூப்பிடுவாராம். "கழுகுமலை மாடத்தி, உள்ள போ." "பாஸ்கரன் அப்பா, தூங்காதீக, ஒங்க நம்பர்தான்." மிஷின் வந்ததும் இனி யாரும் கத்தக் கூடாது, இது ஆஸ்பத்திரி என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்த முதல் நாளே சொன்னார்: "ஒன் கொரல் வந்துச்சு, என் வாயைப் பூட்டிட்டாக. சந்தோசமா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவருக்கு ஒரே ஒரு வேலை மிச்சம் இருந்தது. தினம் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு, எங்கள் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் ப்ரோகிராமை மவுஸால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை ஜவகர் சார் அங்கே போனார். "இனிமே நீங்க எதையும் தட்ட வேண்டாம். கரண்ட் வந்தா தானா கிளம்பிடும்" என்று மாற்றி வைத்தார். போர்டு வருகிறதா என்று பார்த்தார். வந்தது. ஸ்பீக்கரைப் போட்டே பார்க்கவில்லை. ஹாலில் யாரும் இல்லை, எதற்கு என்று நினைத்தாராம். பஸ் ஏறிவிட்டார்.

இனி வருவது திங்கட்கிழமை. சிந்தாமணி அக்கா சொன்னது.

கம்ப்யூட்டர் தானாகக் கிளம்பியது. போர்டில் நம்பர் ஒன்று, இரண்டு என்று ஓடியது. சத்தம் வரவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறார்கள், ஏசி போட்டிருக்கும், ஸ்பீக்கர் சத்தம் என்றைக்குமே அங்கே கேட்காது. போர்டு மட்டும் தெரியும். போர்டு ஓடியது, ஆட்கள் எழுந்து போனார்கள். கூட வந்தவர்கள் பார்த்துக் கூட்டிப் போனார்கள். மகன் அம்மாவை, மருமகள் மாமனாரை. எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

அறுபத்து மூன்றாம் டோக்கன் கொம்பையா என்று ஒருவர். தனி ஆள். கரிமூட்டம் போடுகிறவர், விறகை மண்ணால் மூடி நாள் கணக்கில் எரித்துக் கரியாக்குகிற வேலை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், இந்தப் பக்கம் முழுக்க அதுதானே. ஞாயிற்றுக்கிழமை கேம்பில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணி, கட்டுப் போட்டு, மறுநாள் வந்து பிரித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு கண்ணிலும் புரை. ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்துத் தெரியாது. ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தார். பதினொன்றே கால் வாக்கில் போர்டில் அறுபத்து மூன்று வந்தது. வந்தது, நின்றது, அறுபத்து நான்கு ஆனது.

மத்தியானம் ஒரு தடவை எழுந்து, தடவிக்கொண்டே போய்க் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். வேறொரு பெண் இருந்தாளாம். "கூப்பிடுவாங்க ஐயா, உக்காருங்க." போய் உட்கார்ந்துவிட்டார். நான்கு மணிக்குச் சிந்தாமணி அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். ஹாலில் இவர் மட்டும் இருக்கிறார்.

"எய்யா, நீங்க இன்னும் போகலையா?"

"கூப்பிடலையே தாயி."

டாக்டர் கிளம்பிப் போய்விட்டார். நாளைக்கு வாங்க என்று சொன்னதற்கு அவர் சொன்னாராம், "நாளைக்கு ஏலாது தாயி. மூட்டம் பத்த வச்சிருக்கேன். இன்னைக்கே ஆள் மாத்தி வச்சிட்டுத்தான் வந்தேன். ஒரு பொழுது பாக்கலேன்னா எல்லாம் சாம்பலாயிரும்." வேறு டாக்டரைப் பார்க்கிறேன், இருங்கள் என்று சிந்தாமணி அக்கா உள்ளே போய்விட்டு வருவதற்குள் ஆள் இல்லை. பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் என்ன நினைத்துக்கொண்டார் தெரியுமா? கூப்பிடவில்லை என்றால் பார்க்க ஒன்றுமில்லை என்று அர்த்தம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலையில் கட்டைத் தானே பிரித்துவிட்டு மூட்டத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். புகையில். சனிக்கிழமை அவரைத் திரும்பக் கொண்டுவந்தபோது கண் திறக்கவே முடியவில்லையாம். இப்போது திறக்கிறார். அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. குரல் வராததால்தான் இப்படி ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை. புகையாக இருக்கலாம், சொட்டு மருந்து விடாததாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் செய்தி வந்தது செவ்வாய்க்கிழமை. அப்போது கண்ணைப் பற்றி யாருக்கும் தெரியாது. "சத்தம் வரல" என்று மட்டும் போன். ஜவகர் சார் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டே வைத்தியம் சொன்னார். ஸ்பீக்கர் வயரைப் பாருங்க. பார்த்தார்கள். வால்யூமைக் கூட்டுங்க. கூட்டினார்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புது ஸ்பீக்கரே மாட்டினார்கள். அதே கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டால் ஹால் அதிர்கிறது. எங்கள் குரல் மட்டும் வரவில்லை. உடனே ஜவகர் சார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா கோவில்பட்டி, மறுபடியும் பேரை மாத்தி வச்சிட்டியா? நீயே போய்ப் பாத்துட்டு வா."

புதன்கிழமை போனேன். எங்கள் ஃபோல்டரைத் திறந்து ப்ரோகிராமை இரண்டு தட்டுத் தட்டினேன். "டோக்கன் எண் ஒன்று" என்று என் குரல் அழகாக வந்தது. சரியாகிவிட்டது என்றார்கள். கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன். போர்டு வந்தது, குரல் போய்விட்டது. திரும்பத் தட்டினேன், வந்தது. நிறுத்திப் போட்டேன், போய்விட்டது. ஐந்து தடவை. சிந்தாமணி அக்கா என் பின்னால் நின்று, "ஆளப் பாத்துப் பேசுதோ" என்றார்.

ஒலி வாசிக்கும் மாட்யூலை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். வேறொரு மாட்யூலை வைத்துப் பார்த்தேன். குரல் முடிவதற்குள் ப்ரோகிராம் முடிந்துவிடுகிறதோ என்று கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. திரையில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிழை என்று ஒன்று காட்டினால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். இது எல்லாம் நன்றாக நடப்பது மாதிரியே நடித்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு யோசனை வந்தது. நீ இப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறாய் என்று ப்ரோகிராமையே கேட்டு எழுத வைத்தேன். நான் தட்டினால் எங்கள் ஃபோல்டரின் பெயரைச் சொன்னது. தானாகக் கிளம்பினால் விண்டோஸின் ஏதோ ஒரு ஃபோல்டரைச் சொன்னது.

அவ்வளவுதான் அக்கா. நான் உங்களிடம், அடுப்பங்கரையில் சொம்பு இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்கிறேன். என் வீட்டில் நின்றால் எடுத்து வருவீர்கள். பக்கத்து வீட்டில் நின்றுகொண்டு அவர்கள் அடுப்பங்கரையில் தேடினால் என் சொம்பு எப்படிக் கிடைக்கும்? குரல் ஃபோல்டர் பக்கத்திலேயே இருக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். எதற்குப் பக்கத்தில் என்றால், ப்ரோகிராம் எங்கே நிற்கிறதோ அதற்குப் பக்கத்தில். அதை இன்னும் உறுதியாக எழுதியிருக்கலாம்தான், என் ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கே தேடு என்று. எழுத வேண்டும் என்று நோட்டில் குறித்தும் வைத்திருந்தேன். ஆனால் அதை இன்னொரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். ஃபைல் கிடைக்கவில்லை என்றால் பைத்தான் சும்மா இருக்காது. கத்தும். சிவப்பில் கத்தும், போர்டே நின்றுபோகும், கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கே ஏன் கத்தவில்லை என்று வரி வரியாகப் பார்த்தேன். நடுவில் இரண்டு வரி. பிழை எது வந்தாலும் விட்டுவிடு, ஒன்றும் சொல்லாதே, மேலே போ. வாயில் துணியை வைத்து அடைத்த மாதிரி இரண்டு வரி. காலை பதினொன்றே காலுக்கு அறுபத்து மூன்றைக் கூப்பிட முடியவில்லை என்று அது சொல்லப் பார்த்திருக்கிறது. இந்த இரண்டு வரி சொல்லவிடவில்லை.

நோட்டைப் புரட்டினேன். அப்படி ஒன்றும் நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஃபைலின் உச்சியில் யார் பெயர்? ஜவகர்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. கொம்பையாவைப் பற்றித் தெரிந்தபோது அது இரண்டு மடங்கானது. அடுத்த புதன்கிழமை ஆஸ்பத்திரியில் மீட்டிங். நிர்வாகி, எங்கள் முதலாளி, ஜவகர் சார், நான். எனக்கு ஆறு மாதம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி.

"இந்தக் குரல் பகுதியை எழுதுனது யாரு?" என்று நிர்வாகி கேட்டார்.

"தங்கமாரி சார். முழுக்க அவங்கதான்" என்றார் ஜவகர் சார். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் என் பெயர் அவர் வாயில் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் போர்டுப் பேச்சு. "போர்டுல நம்பர் வந்துச்சு சார். அவர் பாத்திருக்க வேண்டியதுதானே." நிர்வாகி அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அந்த மேஜையில் எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நான் ஒன்பது பக்கம் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். லேப்டாப்பைத் திறந்தேன். இங்கே நின்று கூப்பிட்டால் குரல் வருகிறது பாருங்கள் என்று காட்டினேன். அங்கே நின்று கூப்பிட்டால் வரவில்லை பாருங்கள். இடத்தை மாற்றியது இந்தச் சனிக்கிழமை, இந்த மணிக்கு, இவர்.

நிர்வாகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார். "சரிம்மா. மிஷின்னா ஒரு நாள் கெடும். கெட்டுப்போனதை ஏன் எங்களுக்குச் சொல்லல? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சிந்தாமணி வெளிய வந்து கத்தியிருக்கும்."

"சொல்ல விடாம அடைச்சு வச்சிருக்காங்க சார்" என்றேன்.

"யாரு?"

நான் வாயால் பெயரைச் சொல்லவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஜவகர் சாரைத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒன்பதாம் பக்கத்தை, உச்சியில் அவர் பெயர் இருந்த பக்கத்தை, மேஜையில் நகர்த்தி வைத்தேன்.

ஜவகர் சார் அதை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நான் நிறைய மாத்தினேன் சார். இதுவும் நானாத்தான் இருக்கும்" என்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் அவர் நாற்காலி காலி. அதற்கு மறுநாள் என் கையில் நிரந்தர லெட்டர். இதோ பையில்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ ஏற்கெனவே வேலையில்தானே இருக்கிறாய், இது எதற்கு என்றார்.

நல்லா வேணும் அந்த ஆளுக்கு என்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து நாள். பல் விளக்கும்போது சொன்னேன், சாப்பிடும்போது சொன்னேன். ஒரு மனுஷன் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தான், கூப்பிட வேண்டியதை வாயை அடைத்து வைத்தவனுக்கு வேலை போனால் என்ன என்று.

இன்றைக்கு எங்கே போகிறேன் என்று கேட்டீர்கள். கொம்பையாவைக் கூப்பிடத்தான். நாளைக்கு அந்தக் கண்ணைப் பெரிய டாக்டர் ஒருவர் வந்து பார்க்கிறார். சிந்தாமணி அக்கா நான்கு தடவை போன் பண்ணிவிட்டார், எடுக்கவில்லை. மூட்டத்துப் பக்கம் சிக்னல் கிடையாதாம். ஞாயிற்றுக்கிழமைதானே, நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். குமாரபுரம் விலக்கில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். ஸ்டாப் வந்தால் சொல்லுங்கள் அக்கா, கண்டக்டர் எனக்குச் சொல்ல மாட்டார்.

ஜவகர் சாரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் மூன்று தடவை, இன்று காலை ஒரு தடவை. அவரும் எடுக்கவில்லை. முதலாளிக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதி முடித்தாயிற்று, இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் இந்த லெட்டர் என் பையில் இருக்குமா என்று தெரியாது. கொம்பையாவிடம் முதலில் சொல்லிவிட்டால் பிறகு அனுப்பாமல் இருக்க முடியாது என்றுதான் வரிசையை இப்படி வைத்துக்கொண்டேன்.

அவரிடம் அப்படி என்ன சொல்லப் போகிறேன் என்கிறீர்களா?

எங்கள் ஆபீஸில் எந்த வரியை யார் எப்போது எழுதினாலும் அதைக் கம்ப்யூட்டர் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் அது கிடையாது, ஆபீஸில்தான் பார்க்க முடியும். இப்போது ஜவகர் சார் நாற்காலியில் நான்தானே உட்கார்ந்திருக்கிறேன். அவர் மாற்றியதையெல்லாம் பட்டியல் எடுக்கச் சொன்னார்கள். நேற்று அந்த இரண்டு வரிக்கு வந்தேன். ஜவகர் சார் என் ஃபைலில் கை வைத்தது அந்த வரிகள் வந்து ஐந்து நாள் கழித்துத்தான். அவர் அந்த வரிகளைத் தொடவே இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறார், வரிசையை மாற்றியிருக்கிறார், அதை மட்டும் இருந்தபடியே விட்டிருக்கிறார். இரண்டு தடவை பார்த்தேன். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பார்த்தேன். இரண்டாவது டெமோ அன்று, டெமோ பத்து மணிக்கு. அந்த இரண்டு வரி சேர்ந்தது காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு. எழுதியவர் பெயர் தங்கமாரி.